துவக்கைக் கொடுத்தவர் யார்? யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்ப் பாதுகாப்புக் குழுக்களைப் பார்ப்பது

யாழ்ப்பாணத்தில் எங்காவது ஒரு வாள்வெட்டோ வீடு புகுந்து கொள்ளையோ நடந்தால், சனசமூக நிலையத்தில் கூடுகிற கூட்டத்தில் கட்டாயம் ஒருவர் எழும்பிச் சொல்வார்: ஊர்ப் பெடியளைச் சேர்த்து ஒரு பாதுகாப்புக் குழு போடுவோம், பொலிஸோடு சேர்ந்து இரவில் ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றி வரட்டும். இருபது வயதுக்காரருக்கு அது நல்ல யோசனையாகப் படும். ஐம்பதைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் வாய் திறக்கமாட்டார்கள். ஊர்க்காரர் கையில் துவக்கையோ, ஊர்க்காரரைப் பற்றித் தகவல் சொல்லும் வேலையையோ கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை அவர்கள் இந்த மண்ணில் ஒரு தடவைக்கு மேல் பார்த்துவிட்டார்கள்.

அந்தப் பழைய கதை தெரியாமல் இன்றைய குழுக்களைப் பற்றி முடிவெடுக்க முடியாது. ஆகவே கொஞ்சம் பின்னே போவோம்.

கெரில்லாப் போரில் அரசுக்குத் துவக்குப் பஞ்சம் வருவதில்லை. ஆளை அடையாளம் காண்பதில்தான் பஞ்சம். சாரம் கட்டிக்கொண்டு சைக்கிளில் போகிறவர் வாத்தியாரா, மீன் வியாபாரியா, இயக்கக்காரரா என்று வெளியிலிருந்து வந்த சிப்பாய்க்குத் தெரியாது. யாழ்ப்பாணத்துக்கு வந்த படைகளில் பெரும்பாலானோருக்குத் தமிழும் தெரியாது. ஊர்க்காரருக்கோ எல்லாம் தெரியும். எந்த வீட்டு வாசலில் புதுச் செருப்புக் கிடக்கிறது, எந்த வளவு நாய் நடுச்சாமத்தில் குலைக்கிறது, யாருடைய மகனை ஆறு மாதமாகக் காணவில்லை என்பதெல்லாம் கேட்காமலே தெரிந்திருக்கும். அந்த அறிவைத் தன் பக்கம் இழுப்பதற்காகத்தான் அரசுகள் ஊர்காவல் படை, விழிப்புக் குழு, துணைப்படை என்று பல பெயர்களில் குழுக்களைக் கட்டுகின்றன. கிளர்ச்சி செய்கிற இயக்கமும் அதே அறிவுக்காகத்தான் ஊரைப் பிடித்து வைத்திருக்கிறது. 1990 முதல் 1995 வரை புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போகப் பாஸ் வேண்டும், பாஸுக்குப் பிணை நிற்க ஆள் வேண்டும். போனவர் திரும்பி வராவிட்டால் பிணை நின்றவர் பதில் சொல்ல வேண்டும். அயலவருக்கு அயலவரையே காவலாக வைக்கும் முறைதான் அதுவும்.

இந்த உத்திக்கு உலகம் முழுக்கக் காட்டப்படுகிற உதாரணம் மலாயா. ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்துப் பென்சனோடு திரும்பிய ‘மலாயன் பென்சனியர்’ பலரைக் கண்ட யாழ்ப்பாணத்துக்கு அது அந்நிய நாடும் இல்லை. 1948இல் அங்கே கம்யூனிஸ்ட் கிளர்ச்சி தொடங்கியது. 1950இல் பிரித்தானியர் பிரிக்ஸ் திட்டத்தைக் கொண்டுவந்து, காட்டோரங்களில் குடியிருந்த சுமார் 5 இலட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலி போட்ட புதிய கிராமங்களுக்கு மாற்றினார்கள். அங்கே ஊர்காவல் படை கட்டப்பட்டது. அதில் சேர்ந்தவர்கள் 2 இலட்சத்தைத் தாண்டினார்கள். கிளர்ச்சி ஒடுங்கியது உண்மை. ஆனால் காவல் படையால் மட்டும் அது ஒடுங்கவில்லை. சீனர்களுக்குக் குடியுரிமை பெறும் வழி திறந்தது, தேர்தல்கள் வந்தன, 1957இல் நாடே சுதந்திரம் அடைந்தது. கிளர்ச்சிக்காரர் சொல்லிக்கொண்டிருந்த காரணத்தில் பாதி அத்தோடு போய்விட்டது. இதைக் கவனிக்காமல் முள்வேலியையும் காவல் படையையும் மட்டும் பிரதி எடுத்தவர்கள் தோற்றார்கள். 1962இல் தென் வியட்நாமில் தொடங்கிய பாதுகாப்புக் கிராமத் திட்டம் இரண்டு வருடம்கூட நிலைக்கவில்லை.

பெருவின் கதை வேறு. அங்கே வடக்கில் கஹமார்கா மலைப்பகுதி விவசாயிகள் 1976இல் மாட்டுத் திருடரைப் பிடிக்கத் தாங்களாகவே இரவுக் காவல் தொடங்கினார்கள். பிறகு ‘ஒளிரும் பாதை’ என்ற மாவோவாத இயக்கம் அயாகுச்சோப் பகுதியில் ஊர்த் தலைவர்களைக் கொன்றும் சந்தைகளை மூடியும் ஆட்சி நடத்தப் பார்த்தபோது, அங்கும் விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள். அதற்குப் பழிவாங்க 1983 ஏப்ரலில் லூகானமார்கா என்ற இடத்தில் குழந்தைகள் உட்பட 69 பேரை அந்த இயக்கம் கொன்றது. அரசப் படைகளும் அதே விவசாயிகளைக் கொன்றுகொண்டுதான் இருந்தன. சில ஊர்களில் காவல் குழுக்களை வற்புறுத்தியே கட்டின. 1991இல்தான் அக்குழுக்களுக்குச் சட்ட அங்கீகாரம் வந்தது. ஒளிரும் பாதை மலையகக் கிராமங்களில் தோற்றதற்கு இந்தக் குழுக்கள் முக்கிய காரணம் என்பதை ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள். அவை செய்த கொலைகளும் பதிவாகியிருக்கின்றன. ஆனாலும் பல ஊர்களில் தலைவரை ஊர்க்கூட்டமே தெரிவு செய்தது, தவறினால் அந்தக் கூட்டமே கேள்வி கேட்டது. எனக்கு இந்த ஒரு வித்தியாசம்தான் எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது.

இந்தியாவில் சத்தீஸ்கரில் 2005இல் மாவோவாதிகளுக்கு எதிராக எழுந்த சல்வா ஜுடும் இயக்கத்தில் பழங்குடி இளைஞர்களைச் சொற்பக் கொடுப்பனவுக்குச் சிறப்புப் பொலிஸ் அலுவலர்களாகச் சேர்த்துத் துவக்குக் கொடுத்தார்கள். கிராமங்கள் எரிந்தன, சனம் இடம்பெயர்ந்தது. 2011 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, ஆயுதங்களை மீளப் பெறச் சொன்னது. படிப்பறிவு குறைந்த, பழிவாங்கும் எண்ணத்தோடு இருக்கக்கூடிய இளைஞர்களைப் போருக்கு முன்னே தள்ளுவது அவர்களுடைய உரிமையையே மீறுவதாகும் என்பது அந்தத் தீர்ப்பின் மையம்.

இனி நம்முடைய நாட்டுக்கு வருவோம். இலங்கையில் ஊர்காவல் படை உருவானது, சிங்களப் பகுதிகளும் தமிழ்ப் பகுதிகளும் சந்திக்கும் எல்லைக் கிராமங்களின் இரத்தத்திலிருந்து. 1984 நவம்பர் 30 அன்று முல்லைத்தீவு மாவட்டத்தின் கென்ற் பாம், டொலர் பாம் குடியேற்றங்களில் சிங்களப் பொதுமக்களைப் புலிகள் கொன்றார்கள். அதற்கு முன்னரே அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் விரட்டப்பட்டு, சிறைக்கைதிகளும் அவர்களின் குடும்பங்களும் குடியேற்றப்பட்டிருந்தன. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் அந்தக் கதை முழுமையாகாது. 1985இல் துணைப்படைகளுக்கான சட்டம் வந்தது. ஊர்க்காரருக்குக் குறுகிய பயிற்சியும் துவக்கும் கொடுக்கப்பட்டன. எல்லைக் கிராமத்துச் சிங்கள விவசாயிக்கும், 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலைக்குப் பிறகு கிழக்கு முஸ்லிமுக்கும் தன் பிள்ளைகளைக் காப்பாற்ற ஒரு துவக்கு வேண்டும் என்ற பயம் உண்மையான பயம். அதை நாங்கள் மறுக்கக்கூடாது.

ஆனால் அந்தத் துவக்கு பக்கத்து ஊருக்கும் திரும்பியது. 1992 ஏப்ரல் 29 அன்று பொலன்னறுவை மாவட்டத்தில் அழிஞ்சிப்பொத்தானை முஸ்லிம் கிராமத்தில் புலிகள் படுகொலை செய்தார்கள். அன்றே பக்கத்துத் தமிழ்க் கிராமங்களான கரப்பொல, முத்துக்கல் ஆகியவற்றில் பெண்களும் குழந்தைகளும் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார்கள். ஊர்காவல் படையினர்மீதுதான் குற்றச்சாட்டு விழுந்தது. ஒரே சந்தைக்குப் போய்வந்த ஊர்கள் அவை.

2006 ஜூனில் அநுராதபுர மாவட்டத்துக் கெப்பித்திக்கொல்லாவையில் பஸ் மீது நடந்த கிளைமோர்க் கண்ணிவெடித் தாக்குதலில் 60க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்த பிறகு, அந்த வருடமே ஊர்காவல் படை சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக மாற்றப்பட்டது. ரியர் அட்மிரல் சரத் வீரசேகர அதன் பணிப்பாளர் நாயகமானார். ஆட்தொகை 40,000ஐத் தாண்டியது. இவர்கள் எல்லைக் கிராமங்களைக் காத்ததால் இராணுவம் தன் ஆட்களை முன்னரங்குக்கு அனுப்ப முடிந்தது. போர்க் கணக்கில் இது அரசுக்குக் கிடைத்த பெரிய பலன்.

யாழ்ப்பாணத்தில் அரசால் இப்படி ஒரு படையைக் கட்ட முடியவில்லை. கட்ட விரும்பவும் இல்லை. தமிழ்க் கிராமத்தவர் கையில் துவக்கைக் கொடுக்கும் நம்பிக்கை அதற்கு இருந்ததே இல்லை. ஆகவே இங்கே வேறு இரண்டு வழிகள் வந்தன.

ஒன்று தலையாட்டி. அந்தக் காலத்தைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பிறகு பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். விடியப்புறம் ஊரைச் சுற்றி வளைப்பார்கள். ஆண்கள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்துக்கோ கோயில் வீதிக்கோ வரச் சொல்வார்கள். ஐசியை, அதாவது அடையாள அட்டையை, கையில் பிடித்தபடி வரிசையில் நடக்க வேண்டும். வரிசை ஒரு வாகனத்தைக் கடக்கும். உள்ளே தலையிலிருந்து கழுத்து வரை மூடிய ஒருவர் இருப்பார். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவர் தலை அசைந்தால் அந்த ஆள் வரிசையிலிருந்து போய்விடுவார். சிலர் அடிகாயத்தோடு திரும்பினார்கள், சிலர் திரும்பவே இல்லை. மூடிக்குள் இருந்தவர் பெரும்பாலும் அதற்கு முன் பிடிபட்டு, அடி வாங்கி, உயிர் தப்புவதற்காக அங்கே உட்கார்ந்தவர். யாரையாவது காட்டினால்தான் தனக்கு விடுதலை என்ற நிலையில் இருப்பவர் காட்டுகிற ஆள் எந்த அளவுக்குச் சரியான ஆளாக இருப்பார்? இராணுவக் கணக்கிலேயே அது மோசமான தகவல். ஊருக்கோ அது தீராத நஞ்சு. அந்தக் கண்கள் யாருடையவை என்று ஒவ்வொரு வீட்டிலும் வருடக்கணக்காகப் பேசினார்கள்.

மற்றது, தமிழ் ஆயுதக் குழுக்களைப் பயன்படுத்தியது. இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1986இல் புலிகள் இன்னொரு தமிழ் ஆயுத இயக்கமான டெலோவைத் தாக்கி அழித்தார்கள். அந்த வருடமே ஈபிஆர்எல்எப் என்ற இயக்கத்தையும் புலிகள் தடை செய்தார்கள். சந்திகளில் ரயர் போட்டு எரித்த உடல்களையும் மின்கம்பத்தில் கட்டிய உடல்களையும் யாழ்ப்பாணம் பார்த்தது. உயிர் தப்பிய இளைஞர்களுக்குப் போக இடம் இருக்கவில்லை. அவர்களில் பலர் பிறகு, 1987இல் இங்கு வந்த இந்தியப் படையோடும் இலங்கைப் படையோடும் சேர்ந்தார்கள் என்றால், அந்த வழியை வெட்டிக் கொடுத்ததில் புலிகளுக்கும் பங்கு உண்டு. துரோகி என்று ஒரே சொல்லில் கடந்து போனால் இது விளங்காது.

1989இல் இந்தியப் படை வெளியேறத் தயாரானபோது, ஈபிஆர்எல்எப் தலைமையிலான வடக்கு கிழக்கு மாகாண அரசைக் காப்பாற்ற அவசர அவசரமாக ஒரு படை கட்டப்பட்டது. முதலில் தொண்டர் படை என்றார்கள், பிறகு தமிழ்த் தேசிய இராணுவம் என்றார்கள். ஆள் போதாததால் றோட்டிலும் ரியூசனுக்குப் போகும் வழியிலும் பெடியளைப் பிடித்தார்கள். தாய்மார் மகன்களை வீட்டுக்குள் பூட்டி வைத்தார்கள், முடிந்தவர்கள் கொழும்புக்கு அனுப்பினார்கள். தலைமயிரை வெட்டி, சில வாரப் பயிற்சி கொடுத்து, அந்தப் பிள்ளைகளைக் காவலரணில் நிறுத்தினார்கள். இந்தியப் படை விலக விலக, புலிகளின் தாக்குதலில் அந்தப் படை சில மாதங்களில் சிதறியது. ஆயுதங்கள் புலிகளின் கைக்குப் போயின. கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளில் பலர் சரணடைந்த பிறகும் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச் 24 அன்று கடைசி இந்தியச் சிப்பாய் திருகோணமலையில் கப்பல் ஏறினார். படையைக் கட்டியவர்களில் பலர் கடல் தாண்டிப் போனார்கள். பிடிபட்ட பிள்ளைகளின் தாய்மாருக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

1995 கடைசியில் யாழ்ப்பாணம் இராணுவத்திடம் வந்தது. 1996இல் நூற்றுக்கணக்கானோர் காணாமல் போனார்கள். 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டபோது, படையினரோடு சேர்ந்து இயங்கிய தமிழ் ஆயுதக் குழுக்களும் ஆட்களைக் கடத்திய வெள்ளை வானும் இரவுகளை ஆண்டன. மறுபக்கம் புலிகளின் ஆட்கள் ‘மக்கள் படை’ என்ற பெயரில் கிளைமோர் வைத்தார்கள், தகவல் சொல்பவர் என்று சந்தேகித்தவர்களைச் சுட்டார்கள். அந்தக் காலத்தின் கொடுமையைக் காட்ட ஒரு விஷயம் போதும்: உயிருக்குப் பயந்தவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்த மனித உரிமை ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய்ச் சரணடைந்தார்கள். அவர்களைப் பாதுகாக்க வேறு இடம் இல்லாததால், நீதிமன்றம் ஊடாக யாழ்ப்பாணச் சிறைச்சாலையில் வைத்தார்கள். குற்றம் எதுவும் செய்யாதவர் உயிரோடு இருக்கச் சிறைக்குப் போனார்.

ஊர்க்காரரின் தகவலை நம்பி நடத்துகிற போர் ஏன் இப்படி ஆகிறது? நான் பார்த்தவரை காரணம் சித்தாந்தத்தில் இல்லை, வேலியில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கதியால் ஒரு சாண் தள்ளிப் போட்டதற்காக மூன்று தலைமுறை பேசாமல் இருந்த குடும்பங்கள் உண்டு. காணி வழக்கு, சீதனப் பிரச்சினை, கோயில் நிர்வாகச் சண்டை, சாதி அவமானம், குலைந்த காதல் என்று ஒவ்வொரு ஊரிலும் பகை இருக்கும். சமாதான காலத்தில் அது பெட்டிசத்தோடு முடியும். கந்தோருக்கு மொட்டைக் கடிதம் போகும், விசாரணை வரும், கொஞ்சம் அலைச்சல், அவ்வளவுதான். ஆயுதக் குழுவிடம் அதே மொட்டைக் கடிதம் போனால் ஆள் போய்விடுகிறது. ஊருக்குள் யார் இயக்கம் என்று தெரிந்துகொள்ள வைத்த வழியிலேயே ஊர்ப் பகை எல்லாம் ஏறி வந்துவிடுகிறது. எது தகவல், எது பகை என்று பிரித்தறிய வெளியிலிருந்து வந்த படைக்கு வழியே இல்லை.

இதே யாழ்ப்பாணத்தில் துவக்கே இல்லாத குழுக்களும் இருந்தன. 1980களில் ஊருக்கு ஊர் பிரசைகள் குழுக்கள் தோன்றின. ஓய்வுபெற்ற அதிபர், சட்டத்தரணி, குருவானவர், கடைக்காரர் என்று ஊரில் மதிப்புள்ளவர்கள் சேர்ந்தார்கள். பிடிபட்டவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு முகாம் வாசலில் போய் நிற்பது, இறந்தவர்களைப் பதிவு செய்வது, கச்சேரிக்கும் கொழும்புக்கும் எழுதுவது அவர்களுடைய வேலை. 1984இல் அன்னையர் முன்னணி உருவாகி, பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளுக்காக யாழ்ப்பாணத் தாய்மார் தெருவில் இறங்கினார்கள். 1989 ஓகஸ்டில் வல்வெட்டித்துறையில் இந்தியப் படை 50க்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றபோது, அந்த ஊர்ப் பிரசைகள் குழு வீடு வீடாகப் போய்ச் சத்தியக்கடதாசிகள் திரட்டியது. அந்தப் பதிவுகள் இல்லாவிட்டால் அந்தச் சம்பவம் மறுக்கப்பட்டே போயிருக்கும். இந்தக் குழுக்கள் எல்லா உயிரையும் காப்பாற்றவில்லை. இராணுவத்தையும் இந்தியப் படையையும் கேட்ட அளவுக்கு இயக்கங்களைக் கேள்வி கேட்க அவர்களால் முடியவில்லை என்பதும் உண்மை. ஆனால் அவர்கள் பக்கத்து வீட்டுக்காரரை யாரிடமும் கொடுக்கவில்லை. ஊர்ப் பாதுகாப்பு என்று பேசும்போது நான் மனதில் வைப்பது இவர்களைத்தான்.

போர் முடிந்த பிறகும் பிரச்சினை முடியவில்லை. 2011 ஆரம்பத்தில் யாழ்ப்பாணத்தில் இராணுவம் வீடு வீடாகக் குடும்பங்களைப் பதிவு செய்யத் தொடங்கியது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு நாடாளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். பதிவை நிறுத்துவதாகச் சட்டமா அதிபர் தரப்பு உறுதி கொடுத்தது. அதே வருடம் ஓகஸ்டில் கிறீஸ் பூதப் பயம் நாடு முழுக்கப் பரவியது. இருட்டில் பெண்களைத் தாக்கிவிட்டு ஓடுகிறவர்களைப் பிடிக்க ஊர் இளைஞர்கள் தடியோடு காவல் இருந்தார்கள். நாவாந்துறையில் சந்தேகத்துக்குரியவர்கள் இராணுவ முகாமுக்குள் ஓடினார்கள் என்று சனம் முகாமைச் சூழ்ந்தது. அந்த இரவிலேயே படையினர் வீடுகளுக்குள் புகுந்து நூறு பேரளவில் ஆண்களை அடித்து இழுத்துச் சென்றார்கள். ஊர் தானாகக் காவல் இருந்தால் குற்றம், படை சொல்லிக் காவல் இருந்தால் ஒத்துழைப்பு என்பதே அன்றைய நிலைமை.

வன்னியில் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் பண்ணைகளும் முன்பள்ளிகளும் நடத்தத் தொடங்கியது. முன்னாள் போராளிகள் உட்பட ஆயிரக்கணக்கான தமிழர் அதில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தார்கள். 2018 ஜூனில் விசுவமடுப் பண்ணைக்குப் பொறுப்பாக இருந்த கேணல் ரத்னபிரிய பந்து மாற்றலாகிப் போனபோது, ஊழியர்கள் அவரைத் தோளில் தூக்கி, அழுது வழியனுப்பினார்கள். அந்தப் படங்களைப் பார்த்து யாழ்ப்பாணத்தில் பலர் கோபப்பட்டார்கள். நான் கோபப்படமாட்டேன். தடுப்பிலிருந்து வந்தவருக்கு, கணவனை இழந்த பெண்ணுக்கு, வேறு யாரும் நிலையான சம்பளம் கொடுக்க முன்வராத நேரத்தில் கொடுத்தவர் மீது அன்பு வருவது இயல்பு. கேள்வி எழ வேண்டியது அரசை நோக்கி. கச்சான் விதைக்கவும் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுக்கவும் பாதுகாப்பு அமைச்சின் கீழ் ஒரு திணைக்களம் எதற்கு? விவசாயத் திணைக்களத்துக்கும் மாகாணக் கல்விக்கும் அதே பணத்தைக் கொடுத்திருந்தால் அந்தச் சம்பளத்தோடு கண்காணிப்பும் சேர்ந்து வந்திருக்காது.

இன்று பொலிஸ் பிரிவுகளில் இருக்கும் சிவில் பாதுகாப்புக் குழுக்கள் அந்தத் திணைக்களத்திலிருந்து வேறானவை, அவற்றிடம் துவக்கு இல்லை. கசிப்பு, கஞ்சா, மணல் கடத்தல், வாள்வெட்டு பற்றிப் பேசுகிறார்கள். விதானையாரும் ஊர்ப் பெரியவர்களும் வருகிறார்கள். போதைப்பொருளால் பிள்ளையை இழந்து கொண்டிருக்கும் ஒரு தாய் இந்தக் குழுவை நாடினால் அவரைத் தடுக்க எனக்கு வாய் வராது. ஆனால் குழுவில் யார் இருக்க வேண்டும் என்பதைப் பொலிஸ் பொறுப்பதிகாரி முடிவு செய்யாமல் ஊர்க்கூட்டம் முடிவு செய்ய வேண்டும். அந்தப் பெயர்கள் சனசமூக நிலையச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். கூட்டக் குறிப்பு தமிழில் எழுதப்பட்டு யார் கேட்டாலும் காட்டப்பட வேண்டும். குழுவைப் பற்றி முறைப்பாடு செய்ய அதே பொலிஸ் நிலையத்துக்குப் போகாமல் மனித உரிமை ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போக வழி இருக்க வேண்டும். யார் மாவீரர் நாளுக்கு விளக்கேற்றினார், யார் காணாமல் ஆக்கப்பட்டோருக்கான போராட்டத்தில் உட்கார்ந்திருந்தார், யார் வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிறார் என்ற கேள்வி குழுவிடம் வரும் நாளில், உறுப்பினர்கள் எல்லாரும் ஒன்றாக எழும்பி வெளியே போக வேண்டும்.